மூன்றாம் முறை கேட்காத சபை

ஒரு நூற்பாலையை எழுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியும். நாடு முழுமைக்கும் ஒரு சம்மேளனம் எப்படி எழும்பும் என்பதுதான் தெரியாது. அதைப் பார்க்கும் ஆவலில் அன்று விடிந்ததும் விடியாததுமாக வேட்டி மாற்றித் தயாராகிவிட்டேன்.

1994. மூத்த ஆட்டக்காரர்களுக்கென்று தேசிய அளவில் கூடைப்பந்து சம்மேளனம் தொடங்கும் கூட்டம் பெரியநாயக்கன்பாளையத்தில், எங்கள் மில் மண்டபத்தில் நடந்தது. வெளியே இருந்த ஆடுகளம் என் தகப்பனார் போட்டது. ஆகவே முதல் தலைவர் பதவி எங்கள் குடும்பத்துக்கு வருவதுதான் முறை. தாராபுரத்து மைத்துனர் சம்பங்கி மாலையே வாங்கி வந்து காரில் வைத்திருந்தார்.

எத்தனை வயதானால் ஒருவர் மூத்த ஆட்டக்காரர் என்பதிலேயே காலைப்பொழுது போயிற்று. முப்பத்தைந்து என்றார் வங்காளத்திலிருந்து வந்திருந்தவர்.

"அந்த வயசுலதானுங்க எனக்குக் கல்யாணமே ஆச்சு" என்றார் பக்கத்திலிருந்த அப்துல் நாசர். கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கல்லூரி அணியில் என்னோடு ஆடியவர்.

பிறகு தலைவர் தேர்வு. கூட்டத்தை நடத்திய ஐதராபாத் கோவிந்தராஜுலு எழுந்து, தெலுங்கு மரியாதையோடு என்னை அழைத்தார். "ஆறுச்சாமி காரு, நீங்களே தலைவரா இருக்கணும்."

"எனக்கெதுக்குங்க? பெரியவங்க எத்தனையோ பேர் இருக்கறாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கேட்டவுடன் ஏற்பவன் பதவிக்கு அலைகிறவன். இரண்டு முறை மறுக்க வேண்டும். மூன்றாம் முறை சபையே வற்புறுத்தி உட்கார வைக்கும். பந்தியில்கூட, போதும் என்றால்தான் இன்னொரு கரண்டி விழும்.

கோவிந்தராஜுலு மரியாதையாகத் தலையசைத்தார். "அவர் விருப்பத்தை மதிப்போம்" என்று சபைக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பஞ்சாபிலிருந்து வந்த ஹர்பன்ஸ் சிங்கிடம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சர்தார் நெஞ்சில் கை வைத்துச் சம்மதித்துவிட்டார். கைதட்டலும் எழுந்து ஓய்ந்துவிட்டது.

இவ்வளவுதானா? எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது.

நாசர் என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க கவுண்டரே, இன்னும் ரெண்டுவாட்டி கேக்கோணுமுன்னு எந்திரிச்சுச் சொல்லிப்போடட்டுங்களா?"

"உக்காருங்க நாசர். சபையில சொன்ன சொல்ல எங்கூட்டுல யாரும் திருப்பி வாங்குனதில்லீங்க."

"அப்ப அந்த மாலை?"

மைத்துனர் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் காருக்குப் போய் அதை எடுத்து வந்தார். மாலையை நானே சர்தாருக்குப் போட்டேன். ஆள் நல்ல உயரம். என் கை உயரும் முன்பே குனிந்துகொடுத்தார். சபை வழக்கம் அவர்களிடமும் ஏதோ இருக்கிறது.

கோவிந்தராஜுலு மறுபடி என்னிடம் வந்தார். "ஆறுச்சாமி காரு, முதல் தேசியப் போட்டிக்கு உங்க ஆடுகளத்தை..."

"தாராளமா நடத்துங்க" என்றேன்.

நாசர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "ஒருவாட்டிகூட வேண்டாமுங்கலியே?"

"எதுக்குங்க வம்பு? இன்னொருக்கா எனக்கெதுக்குன்னா, இந்த மனுசன் போட்டிய லூதியானாவுக்குத் தூக்கிக் குடுத்துப்போடுவாரு."