அணைக்கும் வரிசை

கரண்ட் போனபோது ஷிஜாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

மலையாளத்து ஊரான கழக்கூட்டத்தில் அன்று மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. சர்வர் அறைக்குள் தனியாக நின்று ஒரு கேபிளை மாற்றிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. ஏ.சி.யின் இரைச்சல் நின்றது. சர்வர் பெட்டிகளின் பச்சைப் புள்ளிகள் மட்டும் பேட்டரியின் தயவில் மினுங்கின. ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இனி பேட்டரி இறங்க இறங்க, அவள் எழுதிய புரோகிராம் தானே விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். மாதக்கணக்கில் எழுதியது. நிஜத்தில் ஓடி அவள் பார்த்ததில்லை.

அந்த அறையில் இருந்தவை என்னவோ நான்கு இரும்புப் பெட்டிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து சர்வர்கள், தனித்தனிக் கணினிகளைப்போல ஓடிக்கொண்டிருந்தன. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்கள் அவற்றில் இருந்தன. பேட்டரி தீர்ந்து எல்லாம் ஒரேயடியாகச் செத்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். முக்கியமில்லாதது முதலில், டேட்டாபேஸ் கடைசியில். கரண்ட் வந்ததும் அதே வரிசையைத் தலைகீழாக்கி எழுப்ப வேண்டும்.

எதை முதலில் அணைப்பது என்று மீட்டிங்கில் பேச்சு வந்தபோது கூட வேலை செய்யும் கிரீஷ்தான் சொன்னான்.

"அந்த அட்டெண்டன்ஸ் சர்வர முதல்ல கொல்லு மோளே. லேசா லேட்டானா லீவு போடுது, சனியன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளை மகள்போல 'மக்களே' என்று கூப்பிடும் மேலாளர் தாணுமாலயன் சாரும் சிரித்தார். ஷிஜா தலையைக் குனிந்துகொண்டு அதையே முதல் வரியாக டைப் செய்தாள். மீட்டிங்குகளில் அவள் பேசுவதில்லை. யாராவது சொன்னதை எழுதிக்கொள்வாள்.

இப்போது அறையின் மறுகோடியில் இருந்த திரையில் அந்த முதல் வரி ஓடியது. அட்டெண்டன்ஸ் சர்வர் அணைந்தது. அடுத்தது அணைந்தது. அதற்கடுத்தது. ஒரு பிழையும் இல்லை. கன்னத்தில் வியர்வை வழிந்தபோதுதான் அறை எவ்வளவு சூடாகிவிட்டது என்று அவள் கவனித்தாள். கதவருகே போய்க் கழுத்திலிருந்த கார்டைக் காட்டினாள்.

சிவப்பு விளக்கு.

துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்பு. வெளியே போகும் பட்டனை அழுத்தினாள். அதுவும் சும்மா இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அட்டெண்டன்ஸ் போடுகிற அதே கார்டுதான் இந்தக் கதவையும் திறக்கிறது. இவளை விடலாமா என்று கதவு அந்த சர்வரைத்தான் கேட்கும். கேட்டால் பதில் சொல்ல இப்போது ஆள் இல்லை. அவளே அணைத்துவிட்டாள். பூட்டுக்கோ தனி பேட்டரி. அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

செல்போன் வெளியே, செருப்புக்குப் பக்கத்தில், பையில் இருந்தது.

அப்போது மணி அடித்தது.

மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற சிவப்பு சிலிண்டர்களை அவள் திரும்பிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று காட்டியிருந்தார்கள். அறை அளவுமீறிச் சூடானால் மணி அடிக்கும். அரை நிமிடத்தில் அவற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பீறிடும். தீ இருந்தால் தீ அணையும். ஆள் இருந்தால் ஆளும்தான். வேதியியல் படித்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தால் கதவு தானே திறந்துகொள்ளும் என்றும் சொல்லியிருந்தார்கள். திறக்கவில்லை. அதற்கும் அந்த சர்வர்தான் உத்தரவு கொடுக்க வேண்டும்.

கதவோரம் ஒரு மஞ்சள் பட்டன். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வாயு வராது. பாய்ந்து கட்டைவிரலால் அழுத்தினாள். மணியின் வேகம் குறைந்தது.

திரை அறையின் அந்தக் கோடியில். ஓடிப்போய் புரோகிராமை நிறுத்திவிட்டு வந்துவிடலாமா? விரலை எடுத்துவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். மணி பேய்பிடித்ததுபோல் அடிக்கத் தொடங்கியது. அப்படியே திரும்பி ஓடிவந்து பட்டனை அழுத்தினாள். அதற்குமேல் அவள் நகரவில்லை.

கதவில் கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி. அதற்கப்பால் நடைபாதையில் யாருமில்லை.

"சேட்டா," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. "கிரீஷ் சேட்டா!" மழைச் சத்தம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்குத் தெரியாது.

டீ டம்ளரோடு கிரீஷ் வந்தான். கீழே கிடந்த செருப்பைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், பல்லைக் காட்டினான்.

"எந்தா, உள்ள சுகமா? கார்டு மறந்தாச்சு, அல்லே?" தன் கார்டை எடுத்துக் காட்டினான். சிவப்பு. அப்புறம்தான் அவனுக்கு மணிச் சத்தம் காதில் விழுந்தது. அவள் முகம் தெரிந்தது. டம்ளர் எங்கே போனதென்று தெரியவில்லை. "சார்! தாணு சார்!"

தாணுமாலயன் சார் வேட்டி அவிழ்ந்த மனிதரைப்போல ஓடிவந்தார். பேன்ட்தான் போட்டிருந்தார்.

"பட்டன விட்ராத மக்களே. கேட்டியா? என்ன ஆனாலும் விட்ராத. ஏ கிரீஷு, லேப்டாப்ப எடுல. அந்த சர்வர எழுப்பு."

கிரீஷ் தரையில் உட்கார்ந்து தட்டினான். சற்று நேரம் கழித்து, "சார், எழுப்பினா உடனே சாகுது. ரெண்டு தடவ பாத்தாச்சு," என்றான். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

ஷிஜாவுக்குக் காரணம் தெரியும். கரண்ட் வந்து வந்து போகிற ஊர். பாதியில் யாராவது அவசரப்பட்டு ஒன்றை எழுப்பினால் எல்லாம் குழம்பும். அதனால், நடுவில் எழுகிற எதையும் புரோகிராமே மறுபடி அணைக்கும்படி எழுதியிருந்தாள். எழுதி முடித்த அன்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"என் புரோகிராம நிறுத்தணும்!" என்று கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள்.

"பாஸ்வேர்டு?"

அவள் கண்ணாடியிலிருந்து வாயை எடுத்தாள்.

"பாஸ்வேர்டச் சொல்லு பிள்ளே!" என்றார் சார்.

"கிரீஷ்..."

"இங்கதான இருக்கேன், சொல்லு!"

"இல்ல சேட்டா. அதுதான் பாஸ்வேர்டு. கிரீஷ் போடா பட்டி. எல்லாம் சேத்து, சின்ன எழுத்து."

தன்னை நாய் என்று திட்டுகிற பாஸ்வேர்டைக் கேட்டுக் கிரீஷ் ஒரு நொடி அவளை அண்ணாந்து பார்த்து, மறுபேச்சில்லாமல் டைப் செய்தான். "கேறியாச்சு, உள்ள போயாச்சு." பிறகு அவன் விரல்கள் நின்றன. "சார், இப்ப நிறுத்தினா டேட்டாபேஸ் பாதியில நிக்கும். பேட்டரியும் தீரப் போகுது."

"அது எக்கேடும் கெட்டுப் போட்டும். பிள்ள வெளிய வரட்டும். அடில!"

அடித்தான். அட்டெண்டன்ஸ் சர்வர் எழத் தொடங்கியது. காலை எட்டு மணிக்கு எழுப்பிய பள்ளிப்பிள்ளைபோல, யோசித்து யோசித்து எழுந்தது. ஷிஜாவின் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. மற்றக் கையையும் மேலே வைத்து அமுக்கினாள். அம்மா கட்டிக்கொடுத்த சோறு வெளியே பையில் அப்படியே இருக்கிறது என்று நினைத்தாள். ஏன் அது நினைவுக்கு வந்தது என்று புரியவில்லை. அதை யார் எடுத்து வீட்டில் கொடுப்பார்கள் என்றும் நினைத்தாள்.

பச்சை விளக்கு. டக் என்று ஒரு சத்தம்.

கிரீஷ் கதவை இழுத்துத் திறந்தான். ஈரக்காற்று முகத்தில் அடித்தது.

"வா!"

அவள் வரவில்லை.

"விட்டா வாயு வந்துடும்."

"அரை நிமிசம் இருக்கு மக்களே. ஒரு எட்டுதான்."

தெரியும். ஆனால் விரல் வரவில்லை. உயிர் அந்தப் பட்டனில்தான் இருக்கிறது என்று விரல் நம்பிவிட்டிருந்தது. சார் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். மூவரும் நடைபாதையில் மோதி விழுந்தார்கள். கிரீஷ் காலால் கதவை உதைத்துச் சாத்தினான். மணி வெறிபிடித்து அடித்தது, நின்றது. உள்ளே எதுவோ சீறியது. சற்று முன்பு அவள் வாயை வைத்திருந்த கண்ணாடி வெள்ளையாகிப்போனது.

வாயுவை வெளியேற்றி, இனி உள்ளே போகலாம் என்று தீயணைப்பு ஆட்கள் சொல்வதற்குள் மழை விட்டு, கரண்டும் வந்திருந்தது. அட்டெண்டன்ஸ் சர்வர் தானே எழுந்துவிட்டது. டேட்டாபேஸ் பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. அதன் பெட்டியைக் கையால் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"நீ போவாண்டாம். கிரீஷ் போவான்," என்றார் சார்.

"வரிசை எனக்குத்தான் தெரியும் சார்."

கார்டைக் காட்டிக் கதவைத் திறந்தாள். செருப்பில் ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் செருகினாள். கொஞ்சம் யோசித்து மற்றதையும் செருகினாள். திறந்துகிடக்கும் கதவு கீ கீ என்று முறையிட்டது. முறையிடட்டும்.

"ஷிஜா," என்றான் கிரீஷ் பின்னாலிருந்து. "அந்த பாஸ்வேர்டு..."

"மாத்த மாட்டேன் சேட்டா."

"வேண்டா. நான் இங்கயே நிக்கேன்னு சொல்ல வந்தேன்."

டேட்டாபேஸ் பெட்டியின் பட்டனை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.