மலையை மறைத்த போர்வை

என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எப்பேர்ப்பட்ட அழகனையும் இரண்டு காதும் தெரிய, துளி சிரிப்பில்லாமல், நேற்றுத்தான் வேலை போனவன் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவார். ஸ்டுடியோவில் ஒரு திரை தொங்குகிறது. அதில் நீல ஏரி, பின்னால் மலை, ஓரத்தில் ஒரு படகு. கல்யாணமான நாளிலிருந்து என்னை அதன் முன்னால் நிறுத்தித்தான் படம் எடுத்து வருகிறார்.

அதனால் வந்த வினை, போன வருஷம் நாங்கள் நிஜமாகவே ஓர் அருவிக்குப் போய் வந்ததை என் அக்கா நம்பவில்லை. படத்தைக் காட்டினால் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "திரையை மாத்திட்டாரா உன் வீட்டுக்காரர்?" என்றாள். பக்கத்தில் அத்தான் களுக்கென்று சிரித்தார். அக்காவும் அத்தானும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். நாங்கள் கடையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பொய் என்று எவளும் வாயைத் திறக்க முடியாத ஒரே ஒரு படம் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்படித்தான் இந்த ஊருக்கு வந்தோம். நாலு பக்கமும் மலை, காலடியில் ஏரி, நடுவில் பழங்காலத்துச் சந்தை. கல் தூண்கள் தாங்கும் பெரிய கூரை, அதன் கீழே வெங்காயம், கயிறு, பானை, போர்வை, குடை என்று கடைகள். வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தெருக்கல்லில் பள்ளம் விழுந்திருந்தது. சந்தை முடிகிற இடத்தில் படிக்கட்டு நேராக ஏரிக்குள் இறங்கியது. எதிரே மலை, ஒரு மேகம்கூட இல்லாமல். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் படியிலேயே குதிக்கலாம் போலிருந்தது.

"இங்கதாங்க. சீக்கிரம் எடுங்க. மேகம் இறங்கிச்சுன்னா மலை போச்சு."

அவர் முக்காலியை விரித்து, கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். அங்கே போய்விட்டால் அவருக்குப் பெண்டாட்டியும் வாடிக்கையாளர்தான்.

"மேடம், தாடையைக் கொஞ்சம் இறக்குங்க."

"மலை தெரியுதாங்க?"

"மலை இருக்கட்டும். இடது காது தெரியலையே."

காதைக் காட்டினேன். பின்னால் ஒரு வாத்துக் கூட்டம் வந்தது. "கசகசன்னு இருக்கு" என்று விரட்டினார். ஒரு படகு வந்தது. கையை ஆட்டி அதையும் தள்ளிப் போகச் சொன்னார். கூடை சுமந்து வந்த மனிதர் ஒருவரை நிறுத்தி, "அண்ணே, ஒரு நிமிஷம் அந்தத் தூணுக்குப் பின்னாடி நில்லுங்க" என்றார். நிஜம் என்று சொல்ல என்னென்ன சாட்சி உண்டோ அத்தனையையும் துரத்திவிட்டு ஒரு படம் எடுத்தார். பார்த்தேன். என் முகம், இரண்டு காது, சுற்றிலும் கொஞ்சம் நீலம்.

"ஏரி எங்கங்க?"

"காதுக்கும் தோளுக்கும் நடுவுல பாரு, நீலமாத் தெரியுது."

நான் வாயைத் திறப்பதற்குள் வெங்காயக்கடை அம்மா வந்து நின்றார். சந்தை ஆபீசில் வியாபாரிகளுக்குப் புது அடையாள அட்டை கொடுக்கிறார்களாம்; எல்லோருக்கும் படம் வேண்டுமாம்; ஸ்டுடியோவுக்கு ஏரியின் மறுகரைக்குப் போக வேண்டுமாம். "நீங்க காது காதுன்னு சொன்னதும் தெரிஞ்சு போச்சு, இவர்தான் ஆளுன்னு" என்றார்.

ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து தூங்கி வழிந்த மனிதர் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. "ஊருக்குப் போய்ப் பிரிண்ட் போட்டு அனுப்பிடறேன்மா. பின்னாடி வெள்ளைத் துணிதான் வேணும்" என்றார். போர்வைக்கடைக்காரர் ஒரு வெள்ளைப் போர்வையோடு ஓடி வந்தார். அதை என் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றார் என் வீட்டுக்காரர்.

படிக்கட்டின் கடைசிக் கல்லில், இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் போர்வை. போர்வைக்கு முன்னால் ஒரு பெட்டியின் மேல் வெங்காயக்கடை அம்மா. அவருக்கு முன்னால் கேமரா, அதற்குப் பின்னால் சந்தையே வரிசையில் நின்றது. இந்த மலையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். என் வீட்டுக்காரர் அதைப் போர்வை போட்டு மூடிவிட்டார்.

"என்னங்க, மேகம் வருது!"

"துணி ஆடுது மேடம். அசையாம பிடிங்க."

"என் படம் என்னங்க ஆச்சு?"

"அம்மா, நீங்க சிரிக்காதீங்க. சிரிச்சா ஆபீசுல வாங்க மாட்டாங்க."

வெங்காயக்கடை அம்மாவுக்கு அடக்க அடக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை. இதுக்கா வந்தோம், இதைப் பிடிக்கவா வந்தேன் என்று போர்வைக்குப் பின்னாலிருந்தே கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. போர்வை புடைத்தது. போர்வைக்கடைக்காரர் பொருளாயிற்றே என்று நான் விடாமல் பிடித்தேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் உட்கார்ந்தபடி விழுந்தால் இடுப்பளவும் கழுத்தளவுதான். "ஏய்!" என்று ஓர் அலறல் கேட்டது. அவர்தான். அப்போது 'மேடம்' எல்லாம் இல்லை. முக்காலியை இடித்துக்கொண்டு, உயிராக வைத்திருக்கும் கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், செருப்போடு தண்ணீருக்குள் ஓடி வந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும். என்னைத் தூக்கிக் காப்பாற்றுவதாக நினைத்து அவரே வழுக்கி என் மேல் விழுந்தார்.

வரிசையில் அடுத்து நின்ற கயிற்றுக்கடைக்காரர் சாயப்போன கேமராவைத் தாங்கிப் பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றதில் விரல் பட்டு ஒரு படம் பதிவாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், நனைந்த உடையோடு அதைப் பார்த்தோம். முன்னால் வாயைப் பிளந்து சிரிக்கும் வெங்காயக்கடை அம்மா. பின்னால் மலை முழுசாக, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து. தண்ணீரில் மிதக்கும் போர்வை. நடுவில் நான், அவரைத் திட்டிக்கொண்டு. என் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி அவர், கண்ணை மூடிக்கொண்டு.

"அழிச்சிடறேன். கோணலா இருக்கு. ஒருத்தர் காதும் சரியாத் தெரியல."

"தொட்டீங்க, நடக்கிறதே வேற."

கல்யாணப் படத்துக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் இது ஒன்றுதான். இத்தனை வருஷமாக அவர் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார் என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். தோளும் ஈரமாகத்தான் இருந்தது.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தை நீட்டினேன். வழக்கம்போல இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மலையைப் பார்க்கவில்லை, போர்வையைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவர் கையைத்தான் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நெஜம்தான்டி" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். என்ன சொல்லிக் குத்தலாம் என்று யோசித்தேன். அக்கா, நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம் நாங்களும் போறோம். நீ எந்தப் படியில விழுந்தே? சரியாச் சொல்லு."