மஞ்சளுக்கு முந்தின நிறம்

1

இந்தக் கதை வேறொருவருடைய காரில் பிறந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவர்களுக்கே உரிய அக்கறையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுகிறவருக்குப் பதிலாக நான் பயந்துகொண்டு வருவேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். பாலக்காட்டு நண்பர் யாக்கோபு ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றோம். சிவப்பு அணையாமலே அதன் கீழே மஞ்சளும் சேர்ந்து எரிந்தது. யாக்கோபு கியரைப் போட்டார். நான் "மஞ்சள், மஞ்சள், நிறுத்துங்க" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"நம்மூர்ல மஞ்சள்னா நிக்கோணும். இங்க இது கெளம்பறதுக்கு," என்றார் யாக்கோபு. "பச்சைக்கப்பறம் வந்தா நில்லு. செகப்போட சேந்து வந்தா கெளம்பத் தயாராகு. மஞ்சளை மட்டும் பாத்தாப் பத்தாதுங்க. அதுக்கு முன்னாடி என்ன எரிஞ்சுதுன்னு தெரியோணும்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். எனக்கோ அந்த இடத்திலேயே ஒரு லாரியும், சாலையோரக் கொடியில் காய்கிற ஒரு மஞ்சள் சேலையும் தெரிந்துவிட்டன. லாரியில் இருந்தவன் பெயர் ஆறுச்சாமி என்பது வீடு வந்து சேர்வதற்குள் தெரிந்தது. மிச்சம் எனக்கும் தெரியாது. உங்கள் கண் முன்னாலேயே தேடிப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

"1977-ஆம் ஆண்டு, கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில், ஒரு மாலை வேளையில்

வேண்டாம். வருஷமும் மாலை வேளையும் சேர்ந்து வந்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நினைத்துவிடுவீர்கள். இந்தக் கதையில் யாரும் சாவதில்லை.

"தென்மலையின் நீலம் கடலைக்காட்டின் மேல் மெல்ல இறங்கி

இதுவும் வேண்டாம். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன் மலையைப் பார்க்கமாட்டான், ரோட்டைத்தான் பார்ப்பான்.

"ஆறுச்சாமி லைட்டை அடித்தது தப்பாய்ப் போயிற்று."

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

ஆறுச்சாமி லைட்டை அடித்தது தப்பாய்ப் போயிற்று. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் குறுகலான பாலம் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே சுவக்கீன் என்பவர் ஓட்டிவந்த பஸ். ஆறுச்சாமி லாரியை ஓரம் கட்டி, மரியாதையாக ஒருமுறை ஹெட்லைட்டை அடித்தான். அவன் இங்கிலாந்தில் சில வருஷம் வேன் ஓட்டியவன். அங்கே அதற்கு 'நீங்கள் முதலில் வாருங்கள்' என்று பொருள். இங்கே 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று பொருள்.* சுவக்கீனும் மரியாதை தெரிந்தவர்தான். ஒதுங்கி நின்றார். இருவரும் நின்றார்கள். பாலம் காலியாகக் கிடந்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவர் இறங்கிப் போய் வெற்றிலை வாங்கிவந்துவிட்டார். கடைசியில் சுவக்கீன் நடந்தே பாலத்தைக் கடந்து வந்தார்.

"லைட்டை அடிச்சீங்க. வரவேண்டியதுதானுங்களே?"

"உங்களைத்தானுங்க வரச்சொன்னேன்."

"வரச்சொல்றதுக்கு லைட்டை அடிப்பாங்களா?"

"அங்கெல்லாம் அப்படித்தானுங்க."

"அப்ப அங்கயே ஓட்டியிருக்கலாமுங்களே," என்று சொல்லிவிட்டு சுவக்கீன் திரும்பிப் போனார்.

(லாரியில் ஒரு கிளீனர் இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இந்தக் கதை முடிகிற வரைக்கும் அவனுக்கு லீவு.)

* ஜப்பானில் பச்சை விளக்கை நீலம் என்றுதான் சொல்வார்களாம். கண்ணுக்குப் பச்சை, வாய்க்கு நீலம். அந்த ஊரிலும் வண்டிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. எல்லோரும் ஒரே தப்பைச் சேர்ந்து செய்தால் அது பாஷை ஆகிவிடுகிறது. ஒருவன் மட்டும் செய்தால் அவன் ஆறுச்சாமி.

3

இவனை எப்படி இங்கிலாந்துக்கு அனுப்புவது என்று எனக்கு வெகுநாள் யோசனையாக இருந்தது. கொல்லங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். சொந்தமாகக் கிணறு, கடலைக்காடு, நாலு மாடு. இவனுக்கு என்ன தலையெழுத்து, சீமைக்குப் போகவேண்டும் என்று? காரணம் தேடியபோதுதான் கமலாத்தாள் வந்தாள்.

அப்போது இருவருக்கும் சின்ன வயது. அவள் வீடும் கடலைக்காடும் முதலமடை தாண்டி, ரோட்டை ஒட்டி இருந்தன. அண்ணன் சென்னிமலையும் அவளும்தான். ஆறுச்சாமிக்கு அவளைப் பிடித்திருந்தது. ரோட்டு முக்கில் டீக்கடை வைத்திருந்த பழனாத்தாள் இரண்டு வீட்டுக்கும் சொந்தம். "புதன்கிழமை வந்து அவங்கண்ணங்கிட்டப் பேசறேன்னு கமலாத்தாகிட்டச் சொல்லீருங்கக்கா," என்று அவளிடம் சொல்லி அனுப்பினான்.

புதன்கிழமை சைக்கிளில் போனான். போகும்போது மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். காட்டின் மூங்கில் படல் திறந்திருந்தால் சம்மதம். சாத்தியிருந்தால் இல்லை. இந்த ஏற்பாட்டை அவன் யாரிடமும் சொல்லவில்லை. படலிடம்கூடச் சொல்லவில்லை.

படல் சாத்தியிருந்தது. சைக்கிளைத் திருப்பினான். அந்த மாசமே மூணாறுக்கு ஏறிப்போய் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டான். அங்கிருந்த துரை வேலையை விட்டுத் தன் நாட்டுக்குப் போனபோது இவனையும் டிரைவராகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு சாத்திய படல் ஒரு மனுஷனைக் கடல் தாண்ட வைத்துவிட்டது. மிகையாக இருக்கிறதோ என்று இந்த இடத்தை இரண்டு முறை அடித்தேன். பிறகு, இதைவிடச் சின்னக் காரணத்துக்காக ஊரைவிட்டுப் போனவர்களை எனக்கே தெரியும் என்பதால் திரும்பவும் எழுதிவைத்தேன்.

4

ஆறுச்சாமி திரும்பி வந்தபோது கமலாத்தாளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. அந்தக் காலத்தில், அந்த ஊரில், நிலம் நீச்சு உள்ள வீட்டில், முப்பதை நெருங்குகிற பெண்ணை அப்படியே விட்டுவைப்பார்களா? வந்த மாப்பிள்ளைகளை அவள் வேண்டாம் என்றாள். ஏன் என்று சென்னிமலை கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கம் முழுக்க அவளுக்குக் காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தவில்லை. காரணம் இல்லாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் பாட்டுக்குக் கடலைக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆறுச்சாமிக்கு நேரம் குறைவு. வருகிற வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் அவனுக்கு ஒரு பெண்ணை உறுதி செய்வதாக அவன் அம்மா நாச்சம்மாள் ஏற்பாடு செய்துவிட்டாள். அவன் மறுபடி பழனாத்தாளின் டீக்கடைக்குப் போனான்.

"அக்கா, கமலாத்தாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லோணும். நான் தெனமும் அந்த ரோட்டுலதான் லோடு கொண்டு போறேன். மோட்டார் ரூமு பக்கத்துல கொடி இருக்குதில்லீங்களா, அதுல பச்சைச் சேலை காயப்போட்டா சம்மதம். செகப்புன்னா வேண்டாம். பாத்துக்கிட்டே போயிருவனுங்க."

பழனாத்தாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "ஏந் தம்பி, செகப்பு மங்களமான நெறமாச்சே. அதைப் போயி வேண்டாங்கறதுக்கு வெக்கறீங்களே?"

"சிக்னல்ல அப்படித்தானுங்கக்கா."

"கொல்லங்கோட்டுல ஏது சிக்னலு? நேருல போயிக் கேட்டா வாயி வெந்துருமா?"

அவனால் முடியாது. எதிரே வரும் லாரியை அரை அடி இடைவெளியில் விலக்கிக்கொண்டு போகிறவன், ஒரு பெண் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்ற சொல்லைக் கேட்கப் பயந்தான். இதற்காக எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பிரியம்தான் வந்தது. பழனாத்தாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். திட்டிக்கொண்டே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

5

வியாழக்கிழமை காலை. கொடியில் மஞ்சள் சேலை.

பச்சை இல்லை. சிவப்பு இல்லை. நல்ல அழுத்தமான மஞ்சள், காற்றுக்குப் புடைத்துக்கொண்டு ஆடுகிறது. ஆறுச்சாமியின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. பிரேக்குக்கும் போகவில்லை. லாரி அதுவாக உருண்டுகொண்டிருக்கிறது. அதை இப்படியே உருளவிட்டு நான் முடிவு தேடுகிறேன்.

முடிவு (அ). அவன் இங்கிலாந்துக் கணக்குப்படி பார்க்கிறான். படல் சாத்தியிருந்தது சிவப்பு. சிவப்புக்குப் பிறகு மஞ்சள். அப்படியானால் கிளம்பத் தயாராகு. சந்தோஷமாக ஹாரன் அடித்துக்கொண்டு போய், பொள்ளாச்சிச் சம்பந்தத்தை நிறுத்தச் சொல்கிறான். மறுநாள் பார்த்தால் அந்தச் சேலை சும்மா துவைத்துப் போட்டது. அவமானம். இது கொடுமை, எனக்கு மனசு வரவில்லை.

முடிவு (ஆ). நம் நாட்டுக் கணக்கு. மஞ்சள் வந்தால் அடுத்து சிவப்பு. அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் இந்த நிறம். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விடுகிறான். வெள்ளிக்கிழமை உறுதி வார்த்தை. இதைப் பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு (இ). விளக்கையெல்லாம் விடுங்கள், மஞ்சள் என்றால் மஞ்சள்தான். மங்களம், தாலிக்கயிறு, மேளம். உங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் ஆசைதான். முக்கால் பக்கம் எழுதியும் விட்டேன். பந்தியில் இலை போட்டு

நிறுத்தினேன். மூன்று முடிவிலும் ஒரே ஒரு விஷயம் மாறவில்லை. மூன்றிலும் லாரி நிற்கவே இல்லை. மூன்றிலும் ஆறுச்சாமி கொடியைப் பார்க்கிறான், தானே ஒரு அர்த்தம் செய்துகொள்கிறான், போய்விடுகிறான். அவளைப் பொறுத்தவரை மஞ்சளுக்கு முன்னால் என்ன எரிந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவனைப் படைத்த நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அதனால் லாரியை நிறுத்தினேன். (நான் நிறுத்தினேனா, அவனே பிரேக்கை மிதித்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.)

6

நடு ரோட்டில் லாரி நின்றது. பின்னாலேயே வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. பார்த்தால் சுவக்கீன்.

"மறுபடியும் நீங்கதானுங்களா? எதுக்கு நிறுத்துனீங்க? இங்க என்ன சிக்னலா இருக்குது?"

"ஆமாங்க," என்றான் ஆறுச்சாமி இறங்கிக்கொண்டே. "மஞ்சள் விழுந்திருக்குதுங்க."

படல் சாத்தியிருந்தது. அவன் கை ஒரு நிமிஷம் தயங்கியது. அதைக் கட்டியிருந்தது வெறும் கயிற்று வளையம்தான். தூக்கி எடுத்தான், உள்ளே போனான், திரும்பவும் மாட்டினான்.

கமலாத்தாள் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தாள். முழங்கால் வரை சேறு. அவனைப் பார்த்துவிட்டு ரோட்டையும் பார்த்தாள்.

"லாரிய ரோட்டு மேலயே உட்டுப்போட்டு வந்துட்டீங்களாக்கு?"

"பச்சையும் செகப்பும்தானுங்க சொல்லியுட்டேன். மஞ்சள் சொல்லவே இல்லீங்களே."

"சொல்லலீங்க."

"அப்பறம் அதுக்கு என்னங்க அர்த்தம்?"

அவள் குனிந்து ஒரு மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அன்னிக்குப் புதன்கிழமை வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வெச்சிருந்தனுங்க. நீங்க வர்றீங்கன்னு பழனாத்தாக்கா சொல்லியிருந்தாங்க. படல் வரைக்கும் வந்து சைக்கிளைத் திருப்பீட்டுப் போனதை நான் பாத்துட்டுத்தான் நின்னேன்."

ஆறுச்சாமி படலைத் திரும்பிப் பார்த்தான். "படல் சாத்தியிருந்துதுங்க," என்றான்.

"ஆடு பூந்துருமுன்னு சாத்துனதுங்க. எங்க படல் என்னைக்குமே சாத்தித்தானுங்க இருக்கும்."

அவன் மூணாறையும் கடலையும் அந்தக் குளிர்ந்த ஊரையும் ஒருமுறை நினைத்துக்கொண்டான். அத்தனைக்கும் காரணம் ஆடு. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"பச்சையப் போட்டிருந்தா ஓட்டீட்டே போயி உங்க ஊட்டுல சொல்லியிருப்பீங்க," என்றாள் கமலாத்தாள். "செகப்பப் போட்டிருந்தாலும் ஓட்டீட்டே போயிருப்பீங்க. என்ற மூஞ்சியப் பாத்திருக்கமாட்டீங்க. தெரியாத நெறமாப் போட்டா, நின்னு எறங்கி வந்து வாயத் தொறந்து கேப்பீங்களான்னு பாத்தனுங்க." மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவைத்தாள். "இப்பக் கேளுங்க."

இந்த இடத்தில் ஆறுச்சாமிக்காக நான் ஒரு நல்ல வசனம் எழுதிவைத்திருந்தேன். அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"கமலாத்தா," என்றான். "எங்க ஊட்டுக்கு வர்றீங்களா?"

அவள் பதில் சொன்னாள். அதே நேரத்தில் சுவக்கீன் பொறுமை இழந்து ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டார். பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டில் நின்ற எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. ஆறுச்சாமி கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அவன் முகம் தெரிந்த அளவில் அவள் சொன்னது

இல்லை, எழுதமாட்டேன். முகத்தைப் பார்த்து நானாக ஒன்றை எழுதினால் அதுவும் படலைப் பார்த்துச் சைக்கிளைத் திருப்பின கதைதான்.

அவள் என்ன சொன்னாள் என்று தெரியவேண்டுமென்றால் நீங்கள் இறங்கிப் போய் அவளையே கேளுங்கள். முதலமடை தாண்டி, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், கொடியில் மஞ்சள் சேலை காயும். படல் சாத்தியிருக்கும். அது ஆட்டுக்காக.