மே தினப் பெரட்டு

பஸ் கதவில் நின்றுகொண்டு தொழிற்சங்கத்தின் தோட்டச் செயலாளர் ஜீவன் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்புத்தளைப் பக்கமிருந்து ஏறிவந்த பனி தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரைகளை இன்னும் விடவில்லை. பெயரைக் கேட்டதும் ஒவ்வொருத்தியும் "வந்தேங்க" என்று தலையைச் சற்றுத் தாழ்த்திவிட்டு ஏறினாள். மே தினக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்குச் சங்கம் எதையும் செய்து தராது என்று முந்தின நாளே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. தினமும் காலையில் மலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற அதே இழுவை, அதே பதில். வரிசையில் நின்ற தயானி ஒவ்வொரு "வந்தேங்க"வையும் எண்ணிக்கொண்டிருந்தாள். இதைத்தானே அவள் நாடகத்தில் எழுதினாள். இதைத்தானே வெட்டச் சொன்னார்கள்.

அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் அவள்தான். அதனால்தான் சமதர்மத் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டத் தலைவர் விஜேந்திரன் அவளைக் கூப்பிட்டு, வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தோட்டத்தில் நடந்த நாற்பது நாள் வேலைநிறுத்தத்தை மே தின மேடைக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதினாள். முதல் காட்சியில் துரையின் கணக்கப்பிள்ளை பெரட்டில் பெயர் கூப்பிடுவான். நடுவில் செங்கொடி, வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. கடைசிக் காட்சியில் துரை கப்பலேறிப் போயிருப்பான். அதே மேசையில் அதே புத்தகத்தை விரித்து, சிவப்புச் சால்வை போட்ட ஒரு தோழர் பெயர் கூப்பிடுவார்.

தலைவர் முதல் இரண்டு காட்சிகளையும் ரசித்துப் படித்தார். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. குரல் மட்டும் உயரவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்க தங்கச்சி. ஆனா கடைசி சீன் நம்ம சனத்துக்கு வெளங்காது. அதுசரி, புது வீட்டு லிஸ்ட்ல ஒங்கம்மா பேரு ரெண்டாவதா இருக்குல்ல?"

இருந்தது. போன மழையில் பின்சுவர் பிளந்த ஒற்றை அறைக் காம்பராவில் ஐந்து பேர் படுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா விஜயலெட்சுமி பிளவில் சாக்கைத் திணித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"வெட்டிடு புள்ள. ஒன் கோவத்த வச்சு கூரை போட ஏலாது."

வெட்டினாள். தன் கையாலேயே, பேனாவை அழுத்திப் பிடித்து, தாள் கிழிகிற மாதிரி.

பஸ் போய்ச் சேர்ந்த பதுளை மைதானத்து மேடையில் உலகப் புரட்சிக்காரர்களின் படங்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த இராக்கம்மா அவற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தத் தாடி மாமாமாரெல்லாம் எந்தத் தோட்டத்துல பேரு பதிஞ்சவங்க?" என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எவனுக்கும் தலைகுனியாத வர்க்கம் நாங்கள் என்று தலைவர் முக்கால் மணி நேரம் முழங்கினார். வெயில் தலைக்கு மேல் வந்த பிறகு நாடகத்துக்கு இடம்விட்டு, மைக்கைக் கையில் வைத்தபடியே நடு நாற்காலியில் சாய்ந்தார்.

தயானிதான் கணக்கப்பிள்ளை. கறுப்புக் கோட்டு, கையில் பெரட்டுப் புத்தகம், அதற்குள் நாடகத் தாள். கதையில் வருகிற பெயர்களைத் தாளில் இருந்தபடியே கூப்பிட்டாள். மூன்றாவது பெயர் இராக்கம்மா.

"வந்தேங்க" என்றது மூன்றாம் வரிசை.

மேடையில் நடிக்க நின்ற பெண் வாயைத் திறப்பதற்குள் கீழே இருந்த உண்மையான இராக்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். முப்பது வருஷப் பெரட்டுப் பழக்கம். மைதானமே சிரித்தது. இராக்கம்மா கூசிப்போய் உட்கார்ந்தாள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் தலைவர். "பாத்தீங்களா, நம்ம சனம் இப்புடித்தான். எங்க கூப்பிட்டாலும் பேரு குடுக்கும்" என்று மைக்கில் வேறு சொன்னார்.

அந்தச் சிரிப்பைத்தான் தயானியால் விழுங்க முடியவில்லை. சங்கத்துக்கு வருமுன் நாலு வருஷம் இதே தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்தானே இவரும். அவள் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதே இழுவையில், அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

"விஜேந்திரன்."

"வந்தேங்க."

நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தார். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் அந்தக் குரல் நாலு ஒலிபெருக்கியிலும் ஏறி மைதானத்தின் கடைசி வரைக்கும் போயிற்று. தலை தாழ்ந்திருந்தது. சிவப்புச் சால்வை ஒரு பக்கம் நழுவித் தரையில் கிடந்தது.

முதலில் சிரித்தவள் இராக்கம்மா. பிறகு மூன்றாம் வரிசை, பிறகு மைதானம். இந்தச் சிரிப்பு முந்தினது மாதிரி இல்லை. மலையில் கல் உருள்வதுபோல, நிற்காமல் வந்தது.

தலைவர் உட்கார்ந்தார். மைக்கை அணைத்தார். விரலை மட்டும் அசைத்து ஜீவனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். ஜீவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த புது வீட்டு லிஸ்ட்டை எடுத்து முழங்காலில் வைத்து விரித்தான்; பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

தயானி மூன்றாம் வரிசையைத் தேடினாள். அம்மா முந்தானையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் ஜீவனின் பேனா முனையை விட்டு அசையவில்லை.