முதல் வகுப்பு விரிப்பு

குமாரபாளையத்து விசைத்தறிக் கம்பெனியின் செக்கிங் பகுதியில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைகளின் மேல் துணி நகர்ந்துகொண்டிருந்தது. தமிழ்ச்செல்வி குனிந்து நின்று, இழை அறுந்த இடங்களை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்த துணியின் ஓரத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, இரண்டாம் தர அடுக்கில் போடவேண்டும். பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை.

மேனேஜர் தீனதயாளன் உள்ளே வந்து மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பின்னாலேயே வந்த காவலாளி கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் பையை எடுத்து மேசை மேல கொட்டுங்க."

டப்பாக்கள், சீப்புகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் விழுந்தன. காவலாளி ஒவ்வொரு பையையும் கவிழ்த்து உதறினார்.

"என்னத்தைத்தான் தேடறீங்க சார்?" என்றாள் அடுத்த மேசை நர்மதா.

"கப்பல் துணியை."

அது எல்லோருக்கும் தெரிந்த துணிதான். லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு ஆட்களை ஏற்றிப்போன 'எலினோர்' என்ற நீராவிக் கப்பலின் படுக்கை விரிப்பு. அதே மாதிரி நாலாயிரம் நெய்து தரச்சொல்லி, வெளிநாட்டு மியூசியம் ஒன்று அதை மாதிரிக்கு அனுப்பியிருந்தது. இழை எண்ணுவதற்காக இரண்டு நாள் தமிழ்ச்செல்வியின் மேசையில் கிடந்தது.

"நேத்தே உங்க ரூம்ல கொண்டாந்து குடுத்தேனுங்களே," என்றாள் தமிழ்ச்செல்வி.

"நீ குடுத்தது அது இல்ல."

தீனதயாளன் அவள் கொடுத்திருந்த பழுப்பேறிய விரிப்பை மேசையில் விரித்தார். கூடவே வந்திருந்த காகிதத்தை எடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "1889-ல கடல்ல எறங்குன கப்பல். எட்டு நாள்ல அட்லாண்டிக்கைத் தாண்டும். முதல் வகுப்புக்கு இந்த விரிப்பு. கீழ்த்தட்டுல போறவங்க படுக்கையை அவங்களேதான் கொண்டாரணும்."

"ஏனுங்க, டிக்கெட் எடுத்துக் கப்பல்ல போறவங்க பாயையுமா சுருட்டிட்டுப் போவாங்க?" என்றாள் நர்மதா. பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. முதல் உலகச் சண்டைக் காலத்துல சிப்பாய்ங்களை ஏத்திட்டுப் போச்சு. 1923-ல உடைச்சு, சாமானையெல்லாம் ஏலம் போட்டாங்க. இந்தக் கடைசி வரியைக் கேளுங்க. இடது மூலையில மூணு குறுக்கிழை அறுந்திருக்கும். அசலுக்கு அதுதான் அடையாளம். போட்டோவும் இருக்குது." அவர் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். "இதுல எங்க அந்த ஓட்டை?"

தமிழ்ச்செல்வி விரிப்பின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "அதுங்களா... அதை நாந்தானுங்க கோத்துட்டேன்."

"என்னது?"

"எண்ணறப்ப ஊசி கையிலயே இருந்துச்சுங்க. ஓட்டையைப் பார்த்துட்டுக் கை சும்மா இருக்கலைங்க."

அவர் பூதக்கண்ணாடியை மூலையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நெசவு நேராக, தடயமில்லாமல் ஓடியது.

"பழுப்புத் துணியில புது நூல் போட்டாப் பளிச்சுனு தெரியாதா? நாடகம் ஆடாத. அசலை யாருகிட்டக் குடுத்த? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"புது நூல் இல்லீங்க சாமி. அதோட ஓர மடிப்புக்குள்ள இருந்தே மூணு இழை உருவிக்கிட்டேன்."

"அப்பப் பிரிச்சுக் காட்டு."

தமிழ்ச்செல்வி ஊசி முனையால் கோத்த இழையை நெம்பினாள். நூல் வயதானது, வேகமாக இழுத்தால் பக்கத்து இழையும் அறுந்துவிடும். நர்மதா செல்போன் விளக்கை அருகில் பிடித்தாள். "மெதுவாக்கா, அவசரமில்ல." ஒன்று, இரண்டு, மூன்று இழைகள் வெளியே வந்தன. மூலையில் ஓட்டை திறந்தது. போட்டோவில் இருந்த அதே நீளம். ஒரு முனையில் பிசிறியிருந்த விதமும் அதேதான்.

"இதேதானுங்க சார்," என்றார் காவலாளி.

"இப்பவாச்சும் நம்பறீங்களாங்க?" என்றாள் நர்மதா.

தீனதயாளன் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அதைத் தடவினார். பிறகு கேட்டார்: "சிவப்பு நூல் கட்டுனியா?"

"மாதிரித் துணிதானேன்னு கட்டலைங்க."

"கட்டாம உட்டது இது ஒண்ணுதானா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"வீரபாகு தறியில குத்தமே வர்றதில்ல. உன்ற ஊட்டுக்காரன்தான? பூதக்கண்ணாடி வெச்சாலும் தெரியாம கோக்கத் தெரிஞ்சவ, பதினோரு வருஷமா அவன் தப்பை எத்தனை மூடி முதல் தரத்துல தள்ளியிருப்ப?"

"சத்தியமா ஒண்ணுமே இல்லீங்க. அவரு நல்லா ஓட்டுவாருங்க."

"அதைப் பாத்துக்கறோம்."

ஊசி டப்பாவை வாங்கிக்கொண்டு, அவளைக் கம்பெனி வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். வீரபாகுவின் தறியை நிறுத்தினார்கள். துறைமுகத்துக்குப் போக லாரியில் ஏற்றியிருந்த துணிக்கட்டுப் பேல்களில், அவள் சரிபார்த்ததற்கான முத்திரை இருந்தவற்றை இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

மத்தியானத்திலிருந்து ஆறு மேசைகளிலும் விளக்கு எரிந்தது. ஆறு பெண்களும் அவள் சரிபார்த்து முடித்த துணிகளை ஒவ்வொரு விரற்கடையாகத் தடவிப் பார்த்தார்கள். நாலு மணிக்கு நர்மதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முந்நூறு துணி பாத்தாச்சுங்க சார். கோத்த இடம் ஒண்ணுகூட இல்லீங்க."

"இருந்தா மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியவா போகுது?" என்றார் தீனதயாளன். "அடுத்த பேலைப் பிரிங்க."

காவலாளி கத்தியால் சாக்கின் தையலை அறுத்தார். வெள்ளைத் துணி, ஒரு குறையும் இல்லாமல், விளக்கின் மேல் விரிந்தது.