விழக்கூடாத இலை

நானும் என் நாத்தனாரும் ஒரே அறையில் வேலை செய்கிறோம். பேசிக்கொள்வதில்லை. நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. பேசிக்கொண்டிருந்த காலத்தில் நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்லூரி இயற்பியல் பரிசோதனைக் கூடத்தில் அவர் உதவியாளர், நிரந்தர வேலை. நான் ஆசிரியை, தற்காலிகம். வருடா வருடம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர் பேச்சை நிறுத்தியதற்கும் ஒரு தற்காலிக வேலைதான் காரணம். அவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம்தானே?" என் முகத்தில் அப்படி என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ, கேட்கிறவர்கள் எல்லாம் என்னிடமே கேட்டுத் தொலைக்கிறார்கள். "இல்லீங்க, தற்காலிகம்தான்" என்றேன். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் செய்ததில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னால், "சரி சரி, சாப்பிடு" என்பார். பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் அவர்தான். அண்ணி வீட்டுக்கு வந்து எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நான் வீட்டுக்காரரிடம், "உங்க அக்காவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்பார். "வேணாம்னு சொல்லு" என்பார் அண்ணி. அவர் இந்தப் பக்கம் திரும்பி, "வேணாமாம்" என்பார். கழுத்து வலி என்று அடிக்கடி தைலம் தேய்த்துக்கொள்கிறார். மருத்துவர் தலையணையை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

வேலையிடத்தில் அண்ணி என்னை மேடம் என்பார். "மேடம், உப்புத்தாள்." "மேடம், பூட்டிடலாமா?" அவ்வளவுதான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறை இருந்தாலாவது அதைச் சொல்கிற சாக்கில் பேசியிருக்கலாம்.

இந்த வருடம் கூடத்துக்கு வெளியே, நடைவழியில், பிளாஸ்டிக் சுற்றிய டிரெட்மில் ஒன்று வந்து நின்றது. ஓடுகிற பெல்ட்டின் மேல் ஏறி, நின்ற இடத்திலேயே ஓடுவார்களே, அது. இயற்பியல் படிக்கப் பிள்ளைகள் வருவதில்லை, அந்த அறையை உடற்பயிற்சிக் கூடம் ஆக்கலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. முடிவு எடுக்கும் முன் தலைவரும் பொருளாளர் அம்மாவும் வந்து ஒரு பரிசோதனையைப் பார்ப்பார்களாம். அது பிடித்தால் இன்னொரு வருடம். பிடிக்காவிட்டால் துறையும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. அண்ணிக்குக் கவலையில்லை, அவரை நூலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் டிரெட்மில்லை முதலிலேயே அனுப்பிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தினமும் அதை இடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

என்ன காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உலோகத் தண்டு. அதில் ஒரு தங்க இலை ஒட்டியிருக்கும், மூச்சுக்காற்றுப் பட்டாலே கிழிந்துவிடும் அளவுக்கு மெல்லியது. தண்டின் உச்சியில், பெட்டிக்கு வெளியே, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த துத்தநாகத் தகடு. பிளாஸ்டிக் குழாயைக் கம்பளித் துணியில் உரசித் தகட்டில் தடவினால் எலெக்ட்ரான்கள் ஏறிக்கொள்ளும். இலை விறைத்துக்கொண்டு தண்டை விட்டு விலகி நிற்கும். இப்போது தகட்டின் மேல் எவ்வளவு பெரிய சாதாரண பல்பைக் காட்டினாலும் இலை அசையாது. புற ஊதா விளக்கைக் காட்டினால் விழும். குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியில் இருக்கிற அதே ஒல்லிக் குழல் போதும், அந்த ஒளி தகட்டிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்து வெளியே தள்ளிவிடும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இலை விழும்போது இன்னும் நான் குனிந்து கிட்டே போய்ப் பார்ப்பேன்.

ஈரக் காற்று மட்டும் ஆகாது. மழை நாளில் மின்சாரம் ஈரத்தின் வழியாகவே நழுவிப் போய்விடும், எந்த விளக்கும் இல்லாமலே இலை தொப்பென்று விழும். அந்த நாட்களில் நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கருவியை எடுத்து வைத்துவிடுவேன். அதற்கெல்லாம் அண்ணிதான் சாட்சி.

பரிசோதனைக்கு முதல் நாள் பாதுகாப்பு அலுவலர் வந்தார். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர். புற ஊதா கண்ணுக்கு ஆபத்து என்று எங்கோ படித்திருக்கிறார். அது உண்மைதான். அதற்காக விளக்குப் பெட்டியின் வாயில் ஜன்னல் கண்ணாடி ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்.

"கண்ணாடி இருந்தா இலை விழாதுங்க!" என்றேன்.

"ஏன் மேடம், வெளிச்சம் நல்லா வருதே?"

"வெளிச்சம் வரும். நமக்கு வேண்டிய ஒளி வராது. கண்ணாடி அத முழுங்கிடும்."

"எனக்குத் தெரியுதே மேடம், நீலமா."

"உங்களுக்குத் தெரியறது வேற!"

என் குரல் நடைவழிவரை கேட்டிருக்கும். அவர் அசைந்துகொடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் விளக்கைப் போடக்கூடாது, போட்டால் பரிசோதனையே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி மூலையில் நின்று பீக்கர் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கோபம் இறங்கியதும் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த மனிதர் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். முதலில் பெரிய பல்பு, இலை விழாது. அடுத்து கண்ணாடியோடு புற ஊதா, அப்போதும் விழாது. பிறகு எல்லோரையும் தள்ளி நிறுத்தி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, அவர் எதிரிலேயே திருகாணியைக் கழற்றி அந்த ஜன்னல் கண்ணாடியை எடுப்பேன். அப்போது விழும். இதைவிட அழகாக யாரும் காட்ட முடியாது என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது. இந்தத் திட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆளோடு எனக்குப் பேச்சில்லை.

மறுநாள் தலைவர் வந்தார், பொருளாளர் அம்மா வந்தார், கையில் கோப்போடு பாதுகாப்பு அலுவலரும் வந்தார். தலைவர் முதலில் கொஞ்சம் பேசினார். அறிவியலைப் பற்றித் தனக்குப் பெரிய மரியாதை உண்டு என்று ஆரம்பித்தவர், தன் முழங்கால் வலிவரை வந்து நின்றார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் நான் புகுந்துகொண்டேன்.

"இது பெரிய பல்பு. இத எவ்வளவு நேரம் காட்டினாலும் இந்த இலை அசையாது. நல்லாப் பாருங்க" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. தகட்டுக்கு மின்னேற்றினேன். இலை விறைத்து நின்றது. பல்பைப் போட்டேன்.

இலை விழுந்தது.

தலைவர் கை தட்டினார். "அருமை!" என்றார். பாதுகாப்பு அலுவலரும் தட்டினார். அசையாது என்று நான் சொல்லி வாய்கூட மூடவில்லை. அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஏதோ அசைந்தது, அவர்களுக்கு அது போதும்.

மறுபடி மின்னேற்றினேன். பல்பை அணைத்தேன். ஒரு விளக்கும் இல்லாமல் இலை சாவகாசமாக இறங்கியது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். ஈரம் எங்கிருந்து வந்தது? குனிந்து மேசையின் பின்பக்கம் பார்த்தேன்.

கருவிக்கு நேர் பின்னால், தரையில், மின்சாரக் கெட்டில் மூடி திறந்தபடி கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது. தலைவர் பேசிக்கொண்டிருந்ததால் கொதிக்கும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி இருந்தால் இலை விழாது என்று நேற்று நான் கத்தியதை அவர் கேட்டிருக்கிறார். இலை விழாவிட்டால் என் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறார். மழை நாளில் இலை தானாக விழும் என்பது அவருக்குத் தெரியும். எனக்காக மழையைக் கொண்டுவந்து மேசைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பேசாமல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அப்ப முடிஞ்சுது, கிளம்பலாமா?" என்றார் தலைவர்.

பொருளாளர் அம்மா கிளம்பவில்லை. அவர் என்னையே பார்த்தார். நான் பயந்தது நடந்தது. "டீச்சர், இந்த இலை விளக்காலதான விழுந்துது?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். வேலை நிலைத்திருக்கும். அண்ணி சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பெண் பார்த்த அன்றைக்கு எப்படிப் பார்த்தாரோ, அதே பார்வை. சொல்லிடாதடி என்று.

"இல்லீங்க" என்றேன். "காத்துல ஈரம். அதனால விழுந்துது."

பாதுகாப்பு அலுவலர் மோப்பம் பிடித்தாற்போல் மேசையைச் சுற்றிப் பின்னால் போனார். கெட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இத யார் இங்க வச்சது?"

அண்ணியின் முகம் வெளுத்துப் போயிற்று. வாயைத் திறக்கப் போனார்.

"நான்தான். டீ போட" என்றேன்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பழக்கமில்லாத வேலை அல்லவா.

"பரிசோதனைக் கூடத்துல டீயா?" பாதுகாப்பு அலுவலர் கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

நான் கேட்கும் முன்பே அண்ணி அலமாரியிலிருந்து தலை உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்து நீட்டினார். கருவியைக் காயவைத்தோம். உப்புத்தாள் என்று நான் சொல்வதற்குள் உப்புத்தாள் கையில் இருந்தது. மின்னேற்றினேன். பெரிய பல்பு, இலை கல்லாக நின்றது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கும்வரை பல்பை எரியவிட்டேன். கண்ணாடியோடு புற ஊதா, அப்போதும் அசையவில்லை. எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, திருகாணியைக் கழற்றி ஜன்னல் கண்ணாடியை எடுத்தேன். பாதுகாப்பு அலுவலர் எழுதிக்கொண்டிருந்ததால் தடுக்கவில்லை. விளக்கைப் போட்டேன். இலை சரசரவென்று இறங்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டது.

"இதத்தான் முதல்லயே பாத்துட்டமே?" என்றார் தலைவர்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பொருளாளர் அம்மா கிட்டே வந்தார். "அந்தப் பெரிய பல்ப வருஷம் பூரா எரியவிட்டாலும் விழாதா?"

"விழாதுங்க."

"இத்துனூண்டு விளக்குக்கு விழுது. அது ஏன்?"

"பரண் மேல ஒரு டப்பா இருக்குன்னு வைங்க. கீழ நின்னு நூறு குழந்தைங்க குதிச்சாலும் எட்டாது. உயரமான ஆள் ஒருத்தர் கை நீட்டினாப் போதும். சாதா வெளிச்சம் குழந்தைங்க கூட்டம். எத்தன பேர் வந்தாலும் எலெக்ட்ரான் வெளிய வராது."

அவர் குனிந்து தகட்டைப் பார்த்தார். "குழந்தைங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏற மாட்டாங்களா?"

"இந்தக் குழந்தைங்க ஏறாதுங்க" என்றேன். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் இரண்டு பேர் வந்து டிரெட்மில்லைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாடியில் தலைவர் அறைக்குப் பக்கத்தில் போடுகிறார்களாம், அவர் முழங்காலுக்கு நல்லதாம். பின்னாலேயே அலுவலகத்திலிருந்து இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, துறைக்கும் எனக்கும் இன்னும் ஒரு வருடம். இன்னொன்று, பரிசோதனைக் கூடத்தில் தேநீர் தயாரித்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ.

அண்ணி மெமோவை வாங்கிப் படித்தார். மடித்து மேசையில் வைத்தார்.

"பொய் சொல்ல வருதே உனக்கு" என்றார்.

நான் மெமோவை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"உனக்குப் பொய்யே வராதுன்னுதான் இத்தன நாள் மனச ஆத்திக்கிட்டிருந்தேன். அவ பொறப்பே அப்படி, என்ன பண்றதுன்னு. இப்பப் பாத்தா கூசாம வருது. அன்னிக்கு எங்கடி போச்சு இந்த வாய்? என் புள்ளைக்காக ஒரு வார்த்தை வரலையே உனக்கு?"

அவர் குரல் உடைந்தது. நியாயமான கேள்வி. அதற்கும் என்னிடம் உண்மையான பதில்தான் இருந்தது.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு, அண்ணி. அது முகத்தப் பாத்துட்டு எனக்கு வரல."

அண்ணி துத்தநாகத் தகட்டை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மறுபக்கம் திருப்பி அதையும் துடைத்தார்.

"நான் கவனிக்கல" என்றார். "அந்தப் பொண்ணு நின்னத."

பிறகு எழுந்து போய், கெட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துவந்து ஸ்விட்சைப் போட்டார்.

"அண்ணி, மறுபடியும் இங்கயேவா?"

"டீ போட்டதா மெமோவே வாங்கியாச்சு. குடிக்கவாவது குடிப்போம், உக்காரு."

எனக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று அவர் கேட்கவில்லை. குடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.