சிவசங்கரியின் மேசை விரிப்பு

மொட்டைமாடியில் வடாம் காயப் போட்டுவிட்டு இறங்கும்போது படியில் கால் வழுக்கி, அறிவழகன் கணுக்காலை முறித்துக்கொண்டான். விருத்தாசலத்து செராமிக் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்கு அச்சு ஊற்றுவது அவன் வேலை. அச்சுக்குக் கரைக்கிற அதே வெள்ளை மாவில்தான் ஆஸ்பத்திரியில் அவன் காலுக்கும் கட்டுப் போட்டார்கள். பார்க்க வந்த பட்டறைக்காரர்கள் எல்லாரும் இதையே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். முதல் இரண்டு பேரோடு அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் மனைவி சிவசங்கரி கணக்கு டீச்சர். அப்போதுதான் கோடை லீவு விட்டிருந்தது. மகள் மோகனப்பிரியா ஸ்ரீமுஷ்ணத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பகல் முழுக்க வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை.

மத்தியானம் சாப்பிட்டதும் சிவசங்கரி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து குரோஷா ஊசியை எடுப்பாள். வட்டமாக, சுற்றுச் சுற்றாக வளர்ந்துகொண்டிருந்தது ஒரு வெள்ளை மேசை விரிப்பு. பள்ளிக்கூட வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் இரண்டு வருஷமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். டிவியும் அலுத்து, செல்போனும் அலுத்துப்போன அறிவழகன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் கத்துக்குடேன், சங்கரி."

"நெசமாத்தான் கேக்கறீங்களா?"

சிவப்பு நூல்கண்டு ஒன்றையும் ஊசியையும் கொடுத்தாள். தட்டையாக வரவேண்டியது அவன் கையில் குழிந்து குழிந்து பணியாரம் மாதிரி வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. அதற்காகவே இன்னும் இரண்டு பணியாரம் பின்னினான். அப்புறம் கை பழகிவிட்டது.

பழகியதுதான் வினையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவள் பழமலைநாதர் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் விரிப்பில் ஒரு சுற்று போட்டு வைப்போமே என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தான். ஓரம் இழுத்துக்கொண்டு கோணியது. சரி, பிரித்துவிடலாம் என்று நூலைப் பிடித்து இழுத்தான். அது சரசரவென்று வந்தது. எல்லாம் ஒரே வெள்ளை. தன்னுடையது எங்கே முடிந்து அவளுடையது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. சுதாரித்தபோது பூ வேலை செய்த ஓரம் முழுக்கப் போய்விட்டது.

சிவசங்கரி வந்தபோது மடி நிறைய நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க இது?"

"ஒரு சுத்து போட்டுக் குடுக்கலாம்னு பாத்தேன். கோணிக்கிச்சி. பிரிச்சேன். ஒன்னுதும் சேந்து வந்துடுச்சி."

அவள் விரிப்பைத் தரையில் விரித்துப் பார்த்தாள். பாதிதான் மிச்சம். எழுந்து உள்ளே போனாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. இதற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டாலே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பூ ஓரம் எப்பப் போட்டேன் தெரியுமா? ஒங்கப்பா ஆபரேசனுக்குப் பாண்டி ஆஸ்பத்திரியில இருந்தாருல்ல, அப்ப. ஒக்காந்த எடத்துலயே பின்னிக்கிட்டு இருந்தேன். பயத்துல நூலெல்லாம் ஒரே இறுக்கம். பிரிச்சிடலாம்னு எத்தனையோ வாட்டி எடுத்தேன், மனசு வரல."

அவனுக்கு இது தெரியாது. அந்த நாட்களில் அவள் பயந்திருந்தாள் என்பதே தெரியாது.

"நானே பிரிக்க நெனச்சதுதான். அதுக்காகக் கேக்காம பிரிப்பீங்களா?" என்றாள்.

"தப்புதான்."

"தப்புதான்" என்று அவளும் சொல்லிவிட்டு, "கைய நீட்டுங்க" என்றாள். நீட்டிய இரண்டு கையிலும் நூலை மாட்டி, மெதுவாக உருண்டை சுற்ற ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து ஒரு சுற்று அவள், ஒரு சுற்று அவன். காலையில் அவன் உட்கார்ந்தபடி கத்தரிக்காய் நறுக்குவான். மத்தியானம் இரண்டு பேரும் பின்னுவார்கள். கரண்ட் போனால் கதவோரத்துக்கு நகர்ந்துகொள்வார்கள். பட்டறைக் கூட்டாளி பாவாடை ஒருநாள் பலாப்பழத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னாடா அறிவு, வூட்டுல இந்த வேலயா?"

"குந்துடா, இந்தச் சுத்த முடிச்சிக்கறேன்."

பாவாடை உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "எங்கூட்டுக்கும் ஒன்னு போட்டுக்குடேன்" என்று மெதுவாகக் கேட்டான்.

மகள் போன் செய்தாள். "என்னப்பா பண்றீங்க?"

"அம்மாவோட சேந்து பின்னிக்கிட்டு இருக்கறேன்."

"அம்மாவுக்குத் தலயா பின்னி வுடறீங்க?"

பக்கத்தில் இருந்தவள் கேட்டு மறுபடியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரமே விரிப்பும் முடிந்தது. அவன் போட்ட சுற்றுகள் இறுக்கம், அவளுடையவை தளர்வு. ஓரம் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அறிவழகன் இஸ்திரி போடலாம் என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். மேசையில் விரித்து, தள்ளி நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். அவன் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கப் போனதும் பாய்ந்து வந்து தடுத்தாள்.

"இதும்மேல கொழம்பு பட்டுச்சின்னா?"

அன்றைக்கு மட்டுமல்ல, லீவு முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.